எங்கள் வீட்டு மார்ச்சளி

1993ஆம் வருடம் ஜனவரி ஏழாம் தேதி, வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்குக் குரோம்பேட்டையில் ஒரு குழந்தைகள் நர்சிங் ஹோமின் மாடி வராந்தாவில் இருந்தவர்கள்: நான், தட்சிணாமூர்த்தி, அப்போது எழுபது வயது. என் மகள் தாயாரம்மாள். அவள் புருஷன் ஸ்ரீரங்கன், என் தங்கை மகன். அவர்களுடைய மகள் சாமுண்டீஸ்வரி. என் மகன் ராஜகோபால். எங்களைத் தன் வேனில் கொண்டுவந்த பக்கத்துத் தெரு தேவானந்தம். டாக்டர் ஞானஜோதி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், மூக்கில் குழாயோடு, தாயாரம்மாளின் பதினோரு மாதக் குழந்தை தயாளன். வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் இல்லாதவர்கள்.

சாமுண்டீஸ்வரிக்கும் ராஜகோபாலுக்கும் தை இருபத்திரண்டில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி, குலதெய்வத்துக்கு வைத்து, பாதி ஊருக்குக் கொடுத்தும் முடிந்திருந்தது. ராஜகோபால் அவளுக்குத் தாய்மாமன். அவள் பிறந்த அன்றைக்கே முடிவான கல்யாணம் அது. எங்கள் வீட்டுப் பெண் நான்கு தலைமுறையாக வெளியே போனதில்லை, வெளியிலிருந்து பெண் வந்ததும் இல்லை. என் தகப்பனார் தன் அக்காள் மகளைக் கட்டினார். நான் என் அத்தை மகளைக் கட்டினேன். தாயாரம்மாளை என் தங்கை மகனுக்குக் கொடுத்தேன். அதனால்தான் ஏரிக்கரையிலிருந்து வேளச்சேரி ரோடு வரைக்கும் நிலம் ஒரே பட்டாவில் நின்றது. நிலம் இப்போது மனைகளாகிவிட்டது. நான் பெருமையாகச் சொல்லிவந்தது மட்டும் அப்படியே இருந்தது.

மார்கழிப் பனியில் தெருவில் எல்லாக் குழந்தைகளுக்கும் சளி. தேவானந்தத்தின் பேரனும் எங்கள் தயாளனும் ஒரே பாயில் உருண்டவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் மூக்கு ஒழுகியது. ஐந்தாம் நாள் தயாளனின் விலா எலும்புகள் மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தன. உதடு நீலமாகிவிட்டது. வராந்தாவில் நின்றபோது தேவானந்தம் என்னிடம் கேட்டான். மனை புரோக்கர், வாயை வைத்துப் பிழைப்பவன்.

"இன்னா முன்சீப் ஐயா, எம் பேரனுக்கும் அதே சளிதான். நாலு நாளு மூக்க ஒழுக்கிக்கினு கெடந்தான், அஞ்சாம் நாளு போண்டா வேணும்னு ஒரே பேஜார். உங்க வூட்டுப் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்கு இப்படி ஆவுது?"

1980இல் அரசாங்கம் அந்தப் பதவியையே எடுக்கும் வரைக்கும் இருபத்திரண்டு வருடம் ஊருக்கு முன்சீப்பாக இருந்தவன் நான். தேவானந்தம் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

டாக்டர் ஞானஜோதி ஒரு வெள்ளைத் தாளோடு வெளியே வந்தார். சேலையூர் லாசரஸ் வாத்தியார் மகள். நாற்பது வயதிருக்கும். தாளில் சின்னச் சின்னக் கட்டங்களும் வட்டங்களும் போட்டிருந்தார். கட்டம் ஆண், வட்டம் பெண்.

"வீட்ல இதுக்கு முன்னாடி குழந்தைங்க யாராவது சளி, மூச்சுத்திணறல்னு தவறியிருக்காங்களா?"

தாயாரம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான் சொன்னேன். "இல்லை."

தாயாரம்மாள் தரையைப் பார்த்தாள். ஸ்ரீரங்கன் சுவரைப் பார்த்தான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை மறைக்கப் போவதில்லை. தாம்பரத்துக்காரன் எந்த ஊருக்குப் போய் இரண்டு தடவை இருமினாலும் சானடோரியத்திலிருந்தா வருகிறாய் என்றுதான் கேட்பார்கள். அது எங்கள் ஊர்க் காசநோய் ஆஸ்பத்திரி, ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர். மார்ச்சளியில் குழந்தை போன வீடு என்றால் காசம் இருக்கிற வீடு என்று அர்த்தம். பக்கத்தில் தேவானந்தம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். பேத்தியின் கல்யாணத்துக்கு இன்னும் நான்கு வாரம்.

டாக்டர் தாளில் எதுவும் எழுதவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"ஐயா, உங்க வலது மூக்குல துளை இருக்கே. குத்தினதுதானே?"

"சின்ன வயதில் குத்தியது. வழக்கம்."

"தெரியும். எங்க தெருவுலயும் ரெண்டு தாத்தாவுக்கு இருந்திச்சு. முன்னாடி பொறந்தது எதுவும் தங்கலைன்னா, அடுத்த பையனைக் குப்பையில புரட்டி மூக்குக் குத்துவாங்க. உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் ஐயா?"

எழுபது வருடத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி இறங்கிவிட்டேன். பின்னால் தேவானந்தம் ஸ்ரீரங்கனிடம் கேட்பது காதில் விழுந்தது. "மூக்குக் குத்துனதுக்கும் சளிக்கும் இன்னா சம்பந்தம் மச்சான்?"

எனக்கு முன்னால் மூன்று பேர். அம்மா சொல்லித் தெரியும். மூன்றும் ஒரு வயது தாண்டவில்லை. என்னைக் குப்பைமேட்டில் புரட்டி, பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒரு படி தவிட்டுக்கு விற்று, அவளிடமிருந்து திரும்ப வாங்கினார்கள். அதனால்தான் பிழைத்தேன் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். ஊரின் பிறப்பு இறப்புப் பதிவேடு இருபத்திரண்டு வருடம் என் கையில் இருந்தது. பதவி போனபோது அதைத் தாலுகா ஆபீசில் ஒப்படைத்துவிட்டேன். எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இல்லை, எழுதியவன் நான்தான்.

ஊரில் யார் வீட்டில் எது நடந்தாலும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். காலரா என்றால் காலரா. கிணற்றில் விழுந்தது என்றால் கிணற்றில் விழுந்தது. எங்கள் வீட்டு இறப்புகளில் மட்டும் மார்ச்சளி என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. எனக்கும் என் மனைவி கங்கையம்மாளுக்கும் பிறந்து போனவர்கள் இரண்டு பேர். ஒருவனுக்கு ஜன்னி என்றும் ஒருத்திக்குப் பேதி என்றும் எழுதினேன். தாயாரம்மாளுக்குச் சாமுண்டீஸ்வரிக்குப் பிறகு மூன்று பேர். எழுபத்தைந்தில் ஒருவன், எழுபத்தேழில் ஒருத்தி, எழுபத்தொன்பதில் ஒருவன். மாந்தம், பல் முளைப்பு, மறுபடியும் மாந்தம். எல்லோரும் போனது ஒரே மாதிரிதான். முதலில் மூக்கு ஒழுகும். பிறகு விலா உள்வாங்கும். தாலுகா ஆபீசில் எவனாவது பக்கத்தைப் புரட்டி, முன்சீப் வீட்டில் மார்ச்சளி வரிசையாக வருகிறதே என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தனித்தனிக் காரணம் எழுதினேன். தனித்தனியாக எழுதி எழுதி, நானும் அவற்றைத் தனித்தனியாகவே நினைத்துவந்திருக்கிறேன். அன்று சாயங்காலம்தான் முதன்முறையாகச் சேர்த்து எண்ணினேன். எட்டு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனையும் சேர்த்தால் ஒன்பது.

எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. மற்றப் பதினோரு வீட்டிலும் சேர்த்து, சளியில் போன குழந்தை ஒன்றே ஒன்று. அதையும் எழுதியவன் நான்தான்.

மறுநாள் காலையில் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். டாக்டர் தன் அறையில் தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். எட்டுப் பேரையும் சொன்னேன், யார் யாருக்கு என்ன உறவு என்றும் சொன்னேன். அவர் தாளை எடுத்து ஒவ்வொரு கட்டத்தையும் வட்டத்தையும் பேனாவால் கறுப்பாக அடைத்தார். எட்டையும் அடைத்து முடித்தபோது தாள் மேலிருந்து கீழ்வரை புள்ளி விழுந்த மாதிரி இருந்தது. பிறகு நான் உட்கார்ந்தேன்.

"காசமா?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா. நேத்தே சொல்லியிருப்பேன், நீங்க எறங்கிப் போயிட்டீங்க. எக்ஸ்ரே பாத்தேன், டி.பி. இல்லை. வெறும் சளிதான். தெருவுல எல்லாருக்கும் வந்த அதே வைரஸ்."

"அப்படியென்றால் தேவானந்தம் பேரன் எப்படிப் பிழைத்தான்?"

"அதைக் கொல்ல என்கிட்ட மருந்து கிடையாது. யார்கிட்டயும் கிடையாது. உடம்பேதான் கொல்லணும். அதுக்கு உடம்புக்குள்ள ஒரு படை இருக்கு. அந்தப் படைக்கு வேண்டியதையெல்லாம் எப்படிச் செய்யணும்னு அப்பா கிட்டருந்து ஒரு குறிப்பு வரும், அம்மா கிட்டருந்து ஒரு குறிப்பு வரும். ஒண்ணு கெட்டுப்போயிருந்தாலும் இன்னொண்ணை வெச்சு உடம்பு ஓட்டிக்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. உங்களைப் பாருங்க, எழுபது வயசுல பஸ் ஏறி வந்து நிக்கிறீங்க."

"என்னிடமும் இருக்கிறது என்கிறீர்கள்."

"இருக்கலாம். உங்களுக்குப் பொறந்து ரெண்டு பேர் போயிருக்காங்களே. ஒரு கெட்ட குறிப்போட நல்லா வாழ்ந்துட்டுப் போறவங்க எல்லா வீட்லயும் இருக்காங்க, எங்க வீட்லயும் இருப்பாங்க. ஆனா வீட்டுக்கு வீடு வேற வேற குறிப்பு கெட்டிருக்கும். வெளியில பெண்ணெடுத்தா ரெண்டும் ஒண்ணா சேராது. உங்க வீட்டுல நாலு தலைமுறையா அதே குறிப்பை அதே வீட்டுக்குள்ளயே சுத்தவிட்டிருக்கீங்க. கெட்டது ரெண்டும் ஒரு குழந்தைகிட்ட சேந்துச்சுன்னா, அடுத்தவன் போண்டா கேக்குற சளி அந்தக் குழந்தைக்கு எமனாயிடும்."

நான் மேஜையைப் பார்த்தேன். கண்ணாடிக் குண்டுக்கு அடியில் எங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை இருந்தது. தாயாரம்மாள் மரியாதைக்குக் கொடுத்திருக்கிறாள். டாக்டரும் அதைப் பார்த்தார்.

"பையன் உங்க மகன். பொண்ணு உங்க மகளோட மகள். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"ரெண்டு பேருக்கும் கூடப் பொறந்தவங்க போயிருக்காங்க. ரெண்டு பேர்கிட்டயும் அந்தக் குறிப்பு இருந்துச்சுன்னா, ஒவ்வொரு குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. இருக்கான்னு பாத்துச் சொல்ல என்கிட்ட டெஸ்ட் இல்லை. வேலூருக்கு ரத்தம் அனுப்பலாம், அங்கேயும் எந்தக் குறிப்புன்னு சொல்ல முடியாம போகலாம். நான் இந்தத் தாளை வெச்சு எண்ணித்தான் சொல்றேன். தப்பா இருந்தாலும் இருக்கும். இருக்காதுன்னு மட்டும் என்னால எழுதித் தர முடியாது."

"கல்யாணத்தை நிறுத்தச் சொல்கிறீர்களா?"

"அது என் வேலை இல்லை ஐயா."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

தயாளன் மெல்லத் தேறினான். போகிக்கு முதல் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, இருமுகிறவர்கள் பக்கத்தில் விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மாட்டுப் பொங்கலன்று சாப்பாடு முடிந்ததும் நால்வரையும் கூடத்தில் உட்காரவைத்தேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கல்யாணம் நடக்காது என்று சொன்னேன்.

ஸ்ரீரங்கன்தான் முதலில் பேசினான். "மாமா, பத்திரிகை வெச்சாச்சு. நாளைக்கு ஊருக்குள்ள நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கினு போவேன்? தாய்மாமனே வேணாம்னுட்டான்னா என் பொண்ண வேற எவன் கட்டுவான்?"

"அதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"இன்னாத்த பாப்பீங்க? இத்தினி நாளு வெளிய குடுத்தா குடும்பமே போயிடும்னு சொன்னதே நீங்கதான மாமா."

அது உண்மை.

தாயாரம்மாள் குழந்தையை மடியில் சரியாகக் கிடத்திக்கொண்டாள். பிறகு கேட்டாள். "எட்டுன்னு எண்ணிச் சொன்னீங்களாமே நைனா. டாக்டரம்மா எங்கிட்ட சொன்னாங்க. எப்ப எண்ணுனீங்க?"

"போன வாரம்."

"என் மூணையும் சேத்தா?"

"சேர்த்துத்தான்."

"என் புள்ளைக்கு மாந்தம்னு எழுதுன. எனக்குத் தெரியும், உன் பக்கத்துல நின்னுக்கினுதான் இருந்தேன். என் பால்தான் புள்ளைக்கு ஒத்துக்கலன்னு பதிமூணு வருசமா நெனச்சிக்கினு கெடந்தேன். மாந்தம்னா பால்தான? இவன் பொறந்ததும் டப்பா பாலு வாங்கிக் குடுத்தேனே, எதுக்குன்னு நீ கேட்டியா?"

என் மகள் என்னை முதன்முதலாக நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். பிறகு அவள் நீங்க என்று சொல்லவே இல்லை. நானும் திருத்தவில்லை.

ராஜகோபால் மெப்ஸில், தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில், ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அதிகம் பேசாதவன். எழுந்து நின்று பேசினான்.

"நைனா, எங்களுக்குக் குழந்தை வேணாம். நாங்க பெத்துக்கல. ஆபரேஷன் வேணா நான் பண்ணிக்கிறேன். கல்யாணத்த மட்டும் நிறுத்தாதீங்க."

"ஐந்து வருடம் பிள்ளை இல்லையென்றால் ஊர் என்ன சொல்லும்?"

"சொல்லட்டும்."

"உன்னைச் சொல்லாது. அவளை மலடி என்று சொல்லும். நல்ல காரியம் எதற்கும் கூப்பிட மாட்டார்கள். நீ மெப்ஸுக்குப் போய்விடுவாய். அவள் தெருவில் தண்ணீர் பிடிக்கப் போக வேண்டும்."

"ஆபரேஷன் பண்ணது நான்னு நானே சொல்லிக்கிறேன்."

"ஏன் செய்தாய் என்று கேட்பார்கள்."

சாமுண்டீஸ்வரி சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் தயாளனை வளர்த்தவள். ஆஸ்பத்திரியில் ஆறு நாளும் அவன் பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். ராஜகோபாலைப் பார்த்துத்தான் பேசினாள், என்னைப் பார்க்கவில்லை.

"மாமா, ஒரு நிமிசத்துக்கு எத்தினி மூச்சுன்னு நர்சம்மா என்னை எண்ணச் சொல்லிட்டுப் போவாங்க. அறுவது, எழுவதுன்னு எண்ணிக்கினே உக்காந்திருந்தேன். ஒண்ணு உட்டுப்போனா எனக்கு மூச்சு நின்னுடும். இன்னொரு தடவை என்னால எண்ண முடியாது."

"அதான் நமக்குப் புள்ள வேணாம்னு சொல்றேனே சாமுண்டி."

"இப்ப சொல்ற. வர்ற புள்ளைய நீ வேணாம்னு சொல்லிடுவியா? நான் சொல்ல மாட்டேன்."

ராஜகோபால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். அப்போதும் அவன் வேண்டாமென்று சொல்லவில்லை. முடிவு என்னுடையது.

மறுநாள் முதல் பத்திரிகை கொடுத்த வீடுகளுக்கெல்லாம் நானே போனேன். எண்பத்தாறு வீடு. தாம்பரம், பல்லாவரம், பம்மல், மேடவாக்கம். ஷேர் ஆட்டோவில் மூட்டை மாதிரி நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து போனது அந்தப் பத்து நாளில்தான். ஒவ்வொரு வீட்டிலும் நின்றபடியே, கல்யாணம் நிற்கிறது, மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே உத்தரவு போட்டேன், ஒருவரும் காரணம் சொல்லக் கூடாது. சொன்னால் இந்த வீட்டு ரத்தம் சரியில்லை என்று ஆகும். சாமுண்டீஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும்.

பம்மலில் தோல் கிடங்கு வைத்திருந்த ஒரு சொந்தக்காரர் வாசலிலேயே சொன்னார். "முன்சீப் வூட்டுப் பேச்சுன்னா எழுதி வெச்ச மாதிரின்னு சொல்லுவாங்க. இப்பிடியும் கிழியுமா?"

"கிழிந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முழங்கால் வலித்தது. அடுத்த வீடு இருந்தது.

அந்த வருடம் ஐப்பசி மழையில் தயாளனுக்கு மறுபடியும் சளி பிடித்தது. வீட்டைவிட்டு வெளியே எடுக்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் வருகிறவர்கள் எல்லோரையும் நிறுத்த முடியாது. மூன்றாம் நாளே குரோம்பேட்டைக்குக் கொண்டுபோனோம். ஞானஜோதி முடிந்ததெல்லாம் செய்தார். ஆறாம் நாள் போய்விட்டான். இறப்பைப் பதிவு செய்ய நானே போனேன். காரணம் என்ற இடத்தில் கிளார்க் பையன் காய்ச்சல் என்று எழுதப் போனான். மார்ச்சளி, நிமோனியா என்று எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

சாமுண்டீஸ்வரிக்கு மாப்பிள்ளை கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று. உத்திரமேரூர் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார். எங்களுக்கு எந்த வழியிலும் உறவு இல்லாதவர்கள். அவர்கள் வீட்டுப் படி ஏறிப் பெண் கொடுக்கிறோம் என்று கேட்டவன் நான். அவர்களிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரிடம் அந்தக் கட்டம் போட்ட தாளை வாங்கிப் போய்க் காட்டினேன். வாத்தியார் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள், எங்க வீட்டுல அந்த மாதிரி இல்லையே, அப்ப ஆபத்து இல்லைதானே என்று கேட்டார். டாக்டர் அப்படித்தான் சொல்கிறார் என்று சொன்னேன். அவ்வளவுதான் பேச்சு. இப்போது அவளுக்கு ஒரு பெண் குழந்தை இருக்கிறது. வருடத்துக்கு நான்கு தடவை சளி பிடிக்கிறதாம். ஒரு வாரத்தில் போய்விடுகிறதாம். சாமுண்டீஸ்வரி இன்னும் அதன் மூச்சை எண்ணுவதாகக் கேள்வி.

ராஜகோபால் மேடவாக்கத்தில் தனியாக வாடகைக்கு இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நல்ல நாட்களில் வருவான். சாப்பிடுவான். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவான். பேச்சு குறைவு.

இதெல்லாம் எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இப்போது 1997. எனக்கு எழுபத்தைந்து வயது. சொல்லாமலே போயிருப்பேன். ஆனால் போன மாதம் உத்திரமேரூரில் ஒரு வளைகாப்பில், தாய்மாமனே பார்த்துவிட்டு வேண்டாமென்று ஒதுக்கிய பெண் இவள், ஏதோ இருக்கிறது என்று எங்கள் பக்கத்து ஆள் ஒருவரே சாமுண்டீஸ்வரியின் காதுபடப் பேசியிருக்கிறார். தாயாரம்மாள் வந்து சொன்னாள். காரணத்தை மறைத்தவன் நான் என்பதால் இந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தவனும் நான்தான். இதைப் பத்துப் பிரதி எடுத்து, பேசுகிற வீடுகளுக்கு அனுப்புகிறேன்.

ராஜகோபால் சாமுண்டீஸ்வரியை வேண்டாமென்று சொன்னதாகப் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவன் கடைசிவரை வேண்டும் என்றுதான் சொன்னான். வேண்டாமென்று சொன்னவன் நான்.